மாமியார் வளைவில் ஒரு ஏரி

வாடகைக்கு எடுத்த சைக்கிளை ஓட்டுநர் ஒரு பேருந்தைச் சோதிப்பது போலவே சோதித்துக்கொண்டிருந்தார். முன் டயரை உதைத்துப் பார்த்தார், பின் டயரை உதைத்துப் பார்த்தார். பிரேக்கை அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தினார். குனிந்து, தரையில் எண்ணெய் ஏதும் ஒழுகியிருக்கிறதா என்றுகூடப் பார்த்துவிட்டார். பக்கத்தில் ஹெல்மெட் வாரைத் தாடைக்கடியில் மாட்டிக்கொண்டு தயாராக நின்ற அவர் மனைவி, "என்னங்க, இதுக்கு டீசல் எங்க ஊத்தணும்?" என்று கேட்டாள். சைக்கிள் வாடகைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஓட்டுநருக்குச் சிரிப்பு வரவில்லை.

எதிரே மேலேறிப் போகும் மலைச்சாலையில்தான் அவர் தன் உத்தியோக காலம் முழுவதும் பேருந்து ஓட்டினார். போன வருடம் அவர் ஓய்வுபெற்ற கையோடு மலையைக் குடைந்து சுரங்கப்பாதை திறந்துவிட்டார்கள். பழைய சாலை இயற்கைப் பூங்காவுக்குப் போய்விட்டது. இனி அதில் மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை, சைக்கிளில் போகலாம், நடந்து போகலாம். செய்தி காதில் விழுந்த அன்றே மனைவி முடிவு கட்டிவிட்டாள். காரணம் இருந்தது. பேருந்து ஓட்டுநரின் மனைவியாக வாழ்க்கைப்பட்டவளுக்குப் பேருந்து ஆகாது. இரண்டு வளைவு தாண்டுவதற்குள் குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வரும். புருஷன் தினமும் போய்வந்த மலையை அவள் அவர் வாய்வழியாகத்தான் பார்த்திருக்கிறாள். இப்போது கண்ணால் பார்க்கப்போகிறாள், அதிலும் முக்கியமாக அந்த ஏரியை.

ஏரி வந்த கதை இது. மகள் வயிற்றில் இருந்தபோது மருத்துவர் அவளைப் படுக்கையை விட்டு எழவே கூடாது என்று சொல்லிவிட்டார். மாதக்கணக்கில் கூரையில் நீர் கசிந்த கறையைப் பார்த்தபடி மல்லாந்து கிடந்தாள். பக்கத்துத் தெருவில் இருக்கும் அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் வேலை அவளுக்கு. நாளெல்லாம் ஆயிரம் எழுத்துகளை மேய்ந்த கண்களுக்குத் தீனி இல்லாமல் போயிற்று. மாலையில் அவர் வேலை முடிந்து வந்ததும், "இன்னிக்கு என்ன பாத்தீங்க?" என்று கேட்பாள். முதல் நாள் அவர் உள்ளது உள்ளபடி, "ரோடு" என்றார். அவள் முகம் வாடிப்போனதை அவரால் தாங்க முடியவில்லை. மறுநாள், "மாமியார் வளைவு இருக்குல்ல, அதுக்குக் கீழ ஒரு ஏரி" என்று ஆரம்பித்தார். மாமியார் மாதிரி முன்னறிவிப்பில்லாமல் எதிரே வண்டி வந்து நிற்கும் வளைவு என்பதால் ஓட்டுநர்கள் அதற்கு வைத்த பெயர் அது. வளைவு நிஜம். ஏரிதான் அவருடைய சொந்தச் சரக்கு.

ஆரம்பித்ததை நிறுத்த முடியவில்லை. அடுத்த வாரம் ஏரியில் ஒரு சிவப்புப் படகு வந்து சேர்ந்தது. பிறகு படகில் ஒரு கிழவர். பிறகு ஒரு நொண்டி வாத்து, அதைக் கேலி செய்யும் மற்ற வாத்துகள். மகள் பிறந்த பின்னும் ஏரி வற்றவில்லை. ஒரு கொம்பு விட்டுப்போனாலும், ஒரு புள்ளி இடம் மாறினாலும் பிடித்துவிடுகிற அவள் கண்ணில் இந்த ஒரு பிழை மட்டும் படாமலே போனது. கிளம்பும்போது மகள் வேறு போனில், "அம்மா, அந்தப் படகை மறக்காம ஒரு போட்டோ எடுத்து அனுப்பு" என்று சொல்லிவிட்டிருந்தாள். சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் அவர் வாயெடுத்தார். ஒவ்வொரு தடவையும் தொண்டையைச் செருமியதோடு சரி.

நுழைவாயிலில் சீட்டுக் கிழித்துக் கொடுத்த வனக்காவலரிடம் அவள் உற்சாகமாகக் கேட்டாள். "ஏரிக்கு இன்னும் எவ்ளோ தூரம் போகணும்?"

"எந்த ஏரிம்மா?"

"மாமியார் வளைவுக்குக் கீழ இருக்குமே. படகெல்லாம் விடுவாங்களே."

காவலர் குழம்பிப்போய்ப் பின்னால் மாட்டியிருந்த வரைபடத்தை ஒரு முறை பார்த்துக்கொண்டார். "இந்தப் பூங்காவுல ஏரியே கிடையாதும்மா. அருவி ஒண்ணு இருக்கு, அதுவும் மழை பெஞ்சாத்தான். யாரோ உங்களுக்குத் தப்பா சொல்லியிருக்காங்க."

அந்த 'யாரோ' அப்போது குனிந்து மூன்றாவது தடவையாக டயரில் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது அவள் சைக்கிளில் ஏறிப் போய்க்கொண்டிருந்தாள். திரும்பிப் போகவில்லை, மேலேதான் போனாள். அந்த மட்டுக்கும் நிம்மதி என்று அவரும் பின்னால் மிதித்தார்.

அவள் சண்டை போடுகிற ரகம் இல்லை. பிழை கண்டால் கத்தமாட்டாள், சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவாள். அந்த வட்டத்துக்குள் இப்போது தான் உட்கார்ந்திருப்பதாக அவருக்குத் தோன்றியது. ஏற்றம் மூச்சு வாங்க வைத்தது. எந்த இடத்தில் கியர் மாற்ற வேண்டும், எங்கே தார் வழுக்கும், எங்கே காலை வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும் என்பதெல்லாம் அவர் கால்களுக்கும் கைகளுக்கும் இன்னும் மனப்பாடம். ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் எதிரே ஒரு ஈ காக்கை இல்லாதபோதும் மணி அடித்தார். முன்னால் போகிறவளின் முதுகு எதற்கும் திரும்பவில்லை.

சாலையோரக் கல் ஒன்றின் அருகே அவள் நிறுத்தித் தண்ணீர் குடித்தாள். அவரும் கொஞ்சம் தள்ளி, அடி வாங்கக் காத்திருக்கிறவர் போல நின்றார்.

"அந்த நொண்டி வாத்து?" என்றாள், பாட்டிலைப் பார்த்துக்கொண்டே.

"அதுவும் இல்ல."

"அதைச் சொல்லிச் சொல்லித்தான் நம்ம பொண்ணுக்குச் சாப்பாடு ஊட்டினேன். இப்ப அவ தன் பிள்ளைக்கு ஊட்டிட்டிருக்கா."

"தெரியும்."

"எல்லாம் தெரியும் உங்களுக்கு." பாட்டிலை மூடினாள். "நான் அங்க படுத்துக் கிடந்தப்போ தினமும் அந்தப் படகுல ஏறிப் போயிட்டு வந்தேங்க. அது தெரியுமா?"

அது அவருக்குத் தெரியாது. திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார். இதற்கு மன்னிப்புக் கேட்பதா, சந்தோஷப்படுவதா என்று புரியவில்லை. அவள் மறுபடி ஏறி மிதிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அதற்கு மேல் சாலை கொஞ்ச தூரம் சமதளமாக ஓடும். வேகம் பிடித்த அவள் சைக்கிள் திடீரென்று ஓரமாக இழுத்துக்கொண்டு போவதை அவர் பார்த்தார். அவள் தலை பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பியிருந்தது.

"ரோட்டப் பாரு!"

ஒரு பேருந்து நிறைய ஜனங்களை அடக்கிப் பழகிய குரல். மலை அதை வாங்கி ஒரு தடவை திருப்பிச் சொன்னது. அவள் பதறிப்போய்க் காலை ஊன்றினாள். முன் சக்கரம் சரளையில் புதைந்து, பள்ளத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அவர் தன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவள் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"மஞ்சளா ஏதோ பூத்திருந்துச்சு" என்றாள் அவள். "ஒரு நிமிஷம்கூட இல்லீங்க, சும்மா திரும்பினேன்."

"இந்த ரோட்டுல அதெல்லாம் ஆகாதும்மா."

அவள் புதைந்த சக்கரத்தைப் பார்த்தாள். பள்ளத்தைப் பார்த்தாள். பிறகு, நுழைவாயிலைத் தாண்டியதிலிருந்து முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள். "அப்ப இத்தன வருஷமா இந்த மலையில நீங்க எதையுமே பாத்ததில்லையா?"

"பாத்தனே. ரோட்டப் பாத்தேன்." கைப்பிடியை விடாமலே சொன்னார்: "பின்னாடி எல்லாரும் 'அங்க பாரு, அங்க பாரு'ன்னு கத்துவாங்க. திரும்ப முடியுமா? உள்கண்ணாடியில அவங்க மொகத்த மட்டும் ஒரு நொடி பாப்பேன். அப்பிடித்தான் ஒருநாள் மாமியார் வளைவுல ஒரு பொம்பள வெளிய பாத்துட்டு அப்பிடியே மொகம் மலந்து போயிட்டா. அந்த மாதிரி சந்தோஷப்படறதுன்னா என்ன இருக்கும் அங்க? பெருசா தண்ணிதான் இருக்கணும்னு நெனச்சேன். உனக்கும் அதைக் கொண்டாந்து குடுக்கலாம்னு..."

முடிக்காமல் விட்டார். அவர் சட்டைக் காலர் ஹெல்மெட் வாரில் சிக்கி மடங்கியிருந்ததை எடுத்துச் சரிசெய்தாள். அவ்வளவு நேரம் நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த பாரம் அந்தக் கை பட்டதும் கொஞ்சம் இறங்கியது. மீதிப் பாதையை இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள்.

மாமியார் வளைவு அப்படியேதான் இருந்தது. எதிரே வருவதைக் காட்டும் வட்டக் கண்ணாடி, வெள்ளை மங்கிய கைப்பிடிச் சுவர், நிறுத்தக் கூடாது என்று எழுதிய துருவேறிய பலகை. அவள் நேராக வளைவின் நடுவில் சைக்கிளைச் சாய்த்துப் போட்டாள்.

"இங்கல்லாம் நிறுத்தக் கூடாதும்மா."

"எதிர்ல யாரு வரா? உங்க மாமியாரா?"

பழக்க தோஷம், அவர் கண்ணாடியைப் பார்த்தார். அதில் தலை பெருத்துத் தெரிந்த இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் வரவில்லை. மனசில்லா மனசோடு தன் சைக்கிளையும் சாய்த்தார். அவள் சுவரில் ஏறி, பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்தாள். கண்களை மூடிக்கொண்டாள்.

"சொல்லுங்க" என்றாள். "இன்னிக்கு என்ன பாத்தீங்க?"

"நீயே திரும்பிப் பாக்கலாமே. அதுக்குத்தான வந்தே."

"அப்புறம் பாக்கறேன். மொதல்ல நீங்க பாருங்க."

ஓட்டுநர் சுவரருகே வந்து இரண்டு கையையும் அதன் மேல் ஊன்றிக்கொண்டார். ஸ்டியரிங் இல்லாத கைகளை வேறு எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தலையை மெதுவாக, யாரோ அதட்டிவிடுவார்களோ என்று பயந்தவர் போலத் திருப்பினார்.

"எதிர்ல ஒரு மலை இருக்கு" என்றார். "பச்சையா இருக்கு."

"எந்தப் பச்சை?"

"மேல ஒரு பச்சை. கீழ வேற பச்சை, கொஞ்சம் கறுத்த பச்சை. இரு, அது பச்சை இல்ல, மேகத்தோட நிழல். நகருது." அவர் குரல் தாழ்ந்தது. "அம்மாடி. என்னமா நகருது! மலை பூரா அது பாட்டுக்குத் தடவிக்கிட்டே போவுது. போன எடத்துல எல்லாம் வெளிச்சம் வருது."

நிழல் ஒரு பாறையைத் தாண்டி, இலையில்லாத ஒரு மரத்தைத் தாண்டிப் போகும்வரை அவர் கண் அதன் கூடவே போனது. அவள் அவசரப்படுத்தவில்லை. அவர் கன்னத்தில் ஒரு சொட்டு இறங்கியது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி இருக்கா?" என்று கேட்டாள்.

அவர் சுவருக்கு மேலாக எட்டிக் கீழே தேடினார். "இருக்கு. கல்லுக்கு நடுவுல, இத்துனூண்டு. துணி காயப்போடற கயிறு தடிமன்தான் தெரியுது. ஆனா பளபளன்னு இருக்கு."

"படகு போகுமா?"

"சத்தியமா போகாது."

"வாத்து?"

"வாத்து..." என்று இழுத்தவர், கண்ணைச் சுருக்கி இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தார். "தண்ணி ஓரமா வெள்ளையா ஏதோ ஒண்ணு இருக்கும்மா. கல்லா என்னன்னு தெரியல. இரு, அசையுது."

சுவரில் அமர்ந்திருந்தவள் ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து, மெல்லத் தோளுக்கு மேலாகத் திரும்பினாள்.