பதினேழு, மேலிருந்து கீழ்

பன்னிரண்டு வருஷமாகப் பத்திரிகையில் குறுக்கெழுத்துப் புதிர் போடுகிறாள். இதுவரை ஒரு திருத்தம்கூட வெளியிட வேண்டி வந்ததில்லை. அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'தராசு'. அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு அந்தப் புதிரிலேயே ஒரு இடம் பிடித்துக் கொடுக்க நினைத்தாள். அப்பா பேண்ட் மாஸ்டர். பெரிய டிரம்மைக் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடப்பார். கூட்டாளிகள் வைத்த பெயர் சிங்கம். தோளை அறுக்காமல் முதுகில் குறுக்காகப் போகும் டிரம் பெல்ட்டை இன்றைக்கும் கடையில் 'சிங்கம் பெல்ட்' என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். அப்படி ஒரு மனுஷன் உயிரோடு இருப்பது வாங்குகிறவனுக்குத் தெரியாது.

எனவே பதினேழு, மேலிருந்து கீழ்: 'தோளை அறுக்காத டிரம் பெல்ட்டை முதன்முதலில் செய்த இசைக் கலைஞர் (4)'. விடை, சிங்கம்.

ஆசிரியர் உதட்டைப் பிதுக்கினார். "இது யாருக்கும்மா தெரியும்?"

"பேண்ட் வாசிக்கிற அத்தனை பேருக்கும் தெரியும் சார்."

தராசு சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்.

பிறந்தநாள் காலையில் அப்பா பேனாவும் கையுமாக உட்கார்ந்தார். பதினேழை வாசித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார், நான்கு கட்டங்களையும் மளமளவென்று நிரப்பினார். அவள் எட்டிப் பார்த்தாள். 'தங்கம்' என்று இருந்தது. குறுக்கே போன 'சிறகு', 'தறகு' ஆகித் தொலைந்திருந்தது.

"என்னப்பா இது! எந்தப் பறவைக்குத் தறகு இருக்கு?"

"பறவை எக்கேடோ கெட்டுப் போகட்டும். பெல்ட்டைச் செஞ்சது உங்கம்மா."

தங்கம் என்பது பேண்டில் பாட்டுக்காரியாக இருந்த அம்மாவுக்கு, குரலுக்காக ரசிகர்கள் வைத்த பெயர்.

"என் தோள்ல புண்ணைப் பாத்துட்டு, தன்னோட தோல் பையை வெட்டித் தைச்சுக் குடுத்தா. ரெண்டு ஊசி ஒடிஞ்சுது. போட்டுக்கிட்டு முன்னாடி நடந்தவன் நான், பேரும் எனக்கே வந்துடுச்சு."

"இத்தனை வருஷமா ஏம்ப்பா சொல்லலை?"

"பெல்ட் யாருதுன்னுதான் எல்லாரும் கேட்டாங்க. என்னுதுன்னேன். யார் செஞ்சதுன்னு உன் புதிர்தான் முதல்ல கேட்டிருக்கு. அதுலயும் பொய் எழுதச் சொல்றியா?"

அவள் கப்பல் கவிழ்ந்த மாதிரி உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டு வருஷத் தராசு சாய்ந்துவிட்டதே! ஆனால் அப்பாவைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு நிமிர்ந்தது. ஊர் கொடுத்த பெயரைத் தன் கையாலேயே எழுதித் திருப்பிக் கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

"திருத்தமா? நீயா?" என்றார் ஆசிரியர்.

"ஆமா சார். கொட்டை எழுத்துல போடுங்க."

மறுநாள் வந்தது: 'திருத்தம். நேற்றைய பதினேழுக்குச் சரியான விடை, தங்கம். கட்டங்கள் பொருந்தாததற்கு வருந்துகிறோம். விடைக்கு வருந்தவில்லை.'

புதிர்ப் பக்கத்தை ஒருநாளும் புரட்டாத அம்மா, அதை நின்றபடியே இரண்டு தடவை வாசித்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"நேத்து உங்கப்பா சொன்னது காதுல விழுந்துச்சு. ரெண்டு ஊசி இல்ல, மூணு. அதையும் திருத்திப் போடு."