பலாமர பெஞ்சில் முளைத்த குரல்

எங்கள் மலையூரில் மழைக்காலத்தில் செத்த மரங்களில் காளான் முளைக்கும், காது மடல் மாதிரி, பழுப்பாக. மரத்தைத் தின்னத் தின்ன, அதில் உட்கார்ந்து பேசியவர்களின் பேச்சை அவரவர் குரலிலேயே திருப்பிச் சொல்லும். மேலாக இருப்பது சமீபத்துப் பேச்சு, உள்ளே போகப் போகப் பழசு.

இந்த வருஷம் எங்கள் வீட்டுப் பலாமர பெஞ்சில் வந்துவிட்டது. அது என் பிறந்த வீட்டிலிருந்து என்னோடு வந்த பெஞ்ச். என் வீட்டுக்காரர் காலமான பிறகு அதில் யாரும் உட்காரவில்லை. அதனால் காளான் முதல் நாளே அவர் குரலில் இருமியது.

"மண்ணெண்ணெய் ஊத்திடலாமா? கதவுக்கும் பரவிடும்," என்றார் என்னோடு இருக்கும் அண்ணன் வேலப்பன்.

"ஒரு சொட்டு விழட்டும், அப்புறம் தெரியும் சேதி," என்றேன்.

எனக்கு ஒரே ஒரு பேச்சு வேண்டும். பெண் பார்க்க வந்த அன்று அவர் இதில்தான் உட்கார்ந்தார். "பொண்ணைப் பிடிச்சிருக்கா?" என்று அப்பா கேட்டது சமையலறைவரை வந்தது. பதில் வரவில்லை. பாழாய்ப்போன மழை, தகரக் கூரை. கல்யாணத்துக்கு அப்புறம் எத்தனையோ தடவை கேட்டேன். சிரிப்பார், அவ்வளவுதான்.

காளானின் பக்கத்தில் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் அந்தப் பேச்சும் மரத்தில் ஏறிவிடும். காளான் மேலே வந்து முதலில் அதைத் தின்னும். ஊருக்கே தெரிந்த விஷயம். ஆனால் அவர் மறுபடி இருமியபோது, "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டுத் தொலைத்தேன். என்ன செய்வது, பழக்கம். ஒரு வாரம் வீண். அதற்குள் பெஞ்ச் பாதி பொடியாகிவிட்டது.

அதன்பிறகு அண்ணனும் நானும் சைகையிலேயே சண்டை போட்டோம். காளானிலிருந்து டிவி வாங்கலாமா என்ற பழைய வாக்குவாதம் வந்தது. எங்கள் பெண் பிறந்த சேதி வந்தது. அவர் குரல் நாளுக்கு நாள் இளசாகிக்கொண்டே போனது. எனக்கு அழுகை அழுகையாக வந்தது, சத்தமில்லாமல் அழுதேன்.

கையகலப் பலகை மட்டும் மிஞ்சியிருந்த ஒரு மத்தியானம், அப்பா குரல் அந்தக் கேள்வியைக் கேட்டது.

"எனக்குப் பிடிச்சிருக்குங்க," என்றது அவர் குரல். "அவங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கான்னு கேட்டீங்களா?"

"அதெல்லாம் பிடிக்கும். காபி ஆறுது, குடிங்க," என்றார் அப்பா.

அடப்பாவி மனுஷா, இத்தனை வருஷமும் இதற்கா சிரித்துக்கொண்டிருந்தீர்கள்!

"பிடிச்சிருக்கு," என்றேன், வாய்விட்டு. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

காளான் அதைச் சாவகாசமாகத் தின்று முடித்தது. மரமும் தீர்ந்தது. வெறும் தரையிலிருந்து அவர், என் பதிலைக் கேட்டவர் போல, "அப்போ கிளம்பலாமா? பஸ் போயிடும்," என்றார்.

நான் புடவை மாற்றப் போனேன். அண்ணன் அவருக்கும் சேர்த்து டீ போட்டார்.