பெயின்டர் வீட்டு ஜன்னல்

அடுத்தவர் வீட்டுச் சுவர்களையெல்லாம் பளபளவென்று ஆக்கிவிடும் பெயின்டருக்குத் தன் வீட்டுச் சுவர் மட்டும் பிடி கொடுக்கவில்லை. அவரும் மனைவியும் மகளும் குடியிருந்த ஒற்றை அறையில், மகள் படுக்கும் மூலை ஈரம் பூத்துக் கறுத்தது. அவளுக்கு மூச்சு இழுக்கும்போதெல்லாம் அவர் பிரஷ்ஷைத் தூக்கிவிடுவார். முதலில் மஞ்சள், பிறகு ரோஜா நிறம், அப்புறம் நீலம், எல்லாம் மகள் கேட்டதுதான். பாசத்தை வேறெப்படிக் காட்டுவதென்று அந்த மனிதருக்குத் தெரியாது.

“சுவத்துக்குப் பவுடர் பூசினா பிள்ளைக்கு இழுப்பு நின்னுடுமா?” என்பாள் மனைவி.

ஈரமில்லாத, காற்றோட்டமான இடத்தில் பிள்ளையைப் படுக்க வையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெரியம்மா வீட்டுக்குப் போனால் அவளுக்கு இருமலே வருவதில்லை. “இனிமே இங்கேயே இருந்து படிக்கட்டும்” என்று பெரியம்மாவும் சொல்லியாயிற்று. மகளின் துணிப்பை வாசலுக்கு வந்துவிட்டது.

பெயின்டருக்கு மனசு ஒப்பவில்லை. மகள் இல்லாத வீடு என்ன வீடு? வீம்புக்கு மறுபடியும் டப்பாவைத் திறந்து மூலையில் அடிக்கத் தொடங்கினார்.

“அப்பா, நாத்தம் தாங்கல.”

“ஜன்னலைத் தெறடா கண்ணு. பெயின்ட் அடிச்சா ஜன்னலைத் தெறந்து வைக்கணும்னு போற வீட்டுலல்லாம் சொல்றவன் நான்.”

“இது எப்பவுமே தெறக்காதேப்பா.”

அவர் போய் இழுத்தார். அசையவில்லை. மழைக்காலத்தில் குடிவந்தபோது சாரலுக்காகச் சாத்திய ஜன்னல் அது. ஒவ்வொரு தடவையும் சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே இடுக்கே தெரியாமல் அழகாகப் பூசிப் பூசி, தன் கையாலேயே ஒட்டி வைத்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

பட்டி வைக்கும் தகட்டால் இடுக்கைக் கீறினார். நீலம் உதிர்ந்தது, ரோஜா உதிர்ந்தது, மஞ்சளும் உதிர்ந்தது. ஜன்னல் படக்கென்று திறந்தது. தலையை வெளியே நீட்டினால், மாடியிலிருந்து இறங்கும் குழாய் விரிசல் விட்டு, மகளின் மூலைச் சுவரிலேயே தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தது.

“அடப்பாவி!” என்றார். குழாயை அல்ல, தன்னைத்தான்.

வீட்டுக்காரரைக் கையோடு இழுத்துவந்து காட்டி, குழாயை மாற்ற வைத்தார். பூச்சு முழுவதையும் சுரண்டிப் போட்டுவிட்டுச் சுவரைக் காயவிட்டார். அதுவரை மகள் பெரியம்மா வீட்டில்தான் இருந்தாள். அவருக்குச் சோறு இறங்கவில்லை.

சுவர் காய்ந்தபின் துணிப்பையோடு வந்த மகள் மூக்கைச் சுளித்தாள். “ஐயே, சுவரு சொறி பிடிச்ச மாதிரி இருக்குப்பா!”

“இருந்துட்டுப் போகட்டும்டா.”

மத்தியானம் அவள் அதே மூலையில் தூங்கிப்போனாள். பக்கத்தில் உட்கார்ந்து அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஜன்னல் வழியே பக்கத்து வீட்டுப் பாத்திரச் சத்தம் வந்தது. இழுப்புச் சத்தம் இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில் கை தானாக பெயின்ட் டப்பா பக்கம் போயிற்று.

மனைவி டப்பாவைக் காலால் தள்ளி வைத்தாள். பிறகு துணிப்பையைப் பிரித்து, மகளின் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கினாள்.