வட்டச் சாக்கெட்

கரைத்த செம்மண் தண்ணீரைக் கரண்டியில் எடுத்து விருமாண்டியின் வாயில் ஊற்றினாள் அவருடைய அக்கா செல்லத்தாய். அது கடைவாய் வழியாக வழிந்து தலையணையில் சிவப்பாக இறங்கியது. தமிழ்வாணி துண்டை எடுத்து அப்பாவின் தாடையைத் துடைத்துவிட்டாள்.

உசிலம்பட்டியில் இருக்கும் அவருடைய காட்டு மண். மண்ணாசையில்தான் உயிர் இழுத்துக்கொண்டு கிடக்கிறது என்று யாரோ சொல்லப்போக, தமிழ்வாணியின் தம்பி அருள்பாண்டி விடிந்ததும் பைக்கை எடுத்துப் போய் அள்ளி வந்திருந்தான். பொன்னாசைக்கு மோதிரத்தை உரசி ஊற்றியது அதற்கு முன்பே முடிந்துவிட்டது. இனிமேல் பார்க்க ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்து வாரம் ஒன்றாகப் போகிறது. பந்தல்காரன் வேறு பசுமலை வீட்டு வாசலுக்கு வந்து அளவு பார்த்துவிட்டுப் போனான், கூறுகெட்டவன். மூச்சு ஓடுகிற மனுசனின் வாசலை ஒருத்தன் அளப்பானா?

"மண்ணுலயும் இல்ல, பொன்னுலயும் இல்ல இவன் ஆச," என்றாள் செல்லத்தாய். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். "அந்தா நிக்கிதே, அந்தச் சனியன் மேல இருக்கு. அதக் கெளப்பி ஒரு சத்தம் கேக்க வையிங்க. நிம்மதியாப் போயிருவான் எந்தம்பி."

ஷெட்டில் நின்றது அந்த வெள்ளை ஜெர்மன் கார். விருமாண்டி காலமெல்லாம் ஒரு மில் முதலாளிக்கு டிரைவராக இருந்தார். முதலாளி வீட்டார் அதைக் கழித்துக்கட்டியபோது கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். ஓட்டியதைவிடத் துடைத்ததுதான் அதிகம். போன வருசம் ஒருநாள் ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. அன்றைக்கு நின்றதுதான்.

கோளாறு என்னவென்று காரிடமே கேட்டுச் சொல்ல ஸ்கேனர் வேண்டும். எந்த ஸ்கேனர்? அதுதான் அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரு வருசத்துப் பேச்சு. தமிழ்வாணி டீச்சர் வேலை முடிந்து வீட்டுக்கு வருவதற்குள் விருமாண்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தயாராக இருப்பார். அவள் செல்போனைத் தடவித் தடவிப் படித்துக்காட்டுவாள்.

"எல்லா வண்டிக்கும் ஆகும்னு போட்டுருக்காம்ப்பா. வெலையும் கம்மி."

"அது ஸ்டீரிங்குக்குக் கீழ மாட்டுறதுத்தா. எஞ்சினை மட்டும் நலம் விசாரிச்சிட்டு வந்துரும். இந்த வண்டிக்குப் பானெட்டுக்குள்ள வட்டமா ஒரு சாக்கெட் இருக்கு பாரு, அதுல மாட்டுனாத்தான் சாவிப் பொட்டி, கியர்ப் பொட்டி அம்புட்டும் வாயத் தொறக்கும். இதுக்குன்னே உள்ளதப் பாரு."

இதுக்குன்னே உள்ளதையும் பார்த்தாள். அதிலும் நாலு தினுசு. இது பழசுக்கு ஆகுமா, அதில் கேபிள் கூட வருமா என்று நாள் ஓடியதே ஒழிய வாங்கியபாடில்லை. வாங்கிவிட்டால் சாயங்காலம் பேச வேறென்ன இருக்கிறது என்று நினைத்தாரோ என்னமோ. அவளுக்கும் அந்தச் சாயங்காலங்கள் வேண்டியிருந்தன.

அருள்பாண்டி போன் போட்டதும் மெக்கானிக் காளை வந்தார். ஸ்டீரிங்குக்குக் கீழே தன் ஸ்கேனரை மாட்டினார். "ஒரு கோளாறும் இல்லேங்குது மாப்ள," என்றார். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மட்டும் கதறியது.

"என் ஸ்கேனர் ரொம்பப் பழைய மாடல். பெரியார் பஸ்டாண்டு பக்கத்துக் கடையில ரெண்டு இருக்கு. ஒண்ணு என்னோடது மாதிரியே, கொஞ்சம் புதுசு. இன்னொண்ணு இந்தக் கம்பெனி வண்டிக்கு மட்டும். எத வாங்கியாரட்டும்?"

அருள்பாண்டி அக்காவைப் பார்த்தான். "அப்பாகூட நீதான பாத்துக்கிட்டிருந்த? நீயே சொல்லு."

தமிழ்வாணி ஜன்னல் வழியே உள்ளே பார்த்தாள். போர்வைக்குள் அப்பாவின் நெஞ்சு ஏறியது, இறங்கியது. சரியானதைச் சொன்னால் கார் கிளம்பிவிடும். கிளம்பினால் அவர் போய்விடுவார். பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவள்தான். ஆனால் பெற்ற அப்பன் கட்டிலில் கிடக்கும்போது அறிவியல் கிட்டவே வருவதில்லை, அத்தை சொன்னதுதான் காதில் நின்றது.

"எல்லா வண்டிக்கும் ஆகுற மாதிரியே வாங்குங்கண்ணே," என்றாள்.

சொன்ன வாய் கசந்தது. காளை போய் வாங்கி வந்தார். மாட்டினார். கோளாறு இல்லை என்றது அதுவும். செல்லத்தாய் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தமிழ்வாணி விறுவிறுவென்று உள்ளே போய், அப்பாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பொழுது சாயும்வரை அந்தக் கை அவளுடையதாக இருந்தது. அவளுக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது, என்ன சொல்ல.

ஆனால் அருகிலேயே இருக்க இருக்கத்தான் தெரிந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் கிணற்றில் வாளி இழுப்பதுபோல் அவர் பாடுபட்டார். புரட்டிப் படுக்கவைத்தபோது முதுகுப் புண் போர்வையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அவர் முனகினார். முன்னெல்லாம் முள் குத்தினால்கூட வாயைத் திறக்காத மனுசன். யாருக்காக இவரை இப்படிப் போட்டு வதைக்கிறேன் என்று தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. விடிந்தும் விடியாமல் காளையைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, நேத்து நான் தப்பாச் சொல்லிட்டேன். அந்த இன்னொண்ணு வேணும். வட்டச் சாக்கெட்டுக்குக் கேபிளோட."

கடை திறந்ததும் காளை வாங்கி வந்துவிட்டார். பானெட்டுக்குள் வட்டச் சாக்கெட்டில் கேபிளைச் செருகியதும், ஒரு வருசமாக வாய்மூடிக் கிடந்த கார் கடகடவென்று ஒப்பித்தது. சாவியை அடையாளம் பார்க்கிற பெட்டிக்குக் கரண்ட் போகவில்லை. பெட்டியின் ஒயர் முனையில் பச்சைப் பாசி பிடித்திருந்தது. காளை குனிந்து அதைச் சுரண்டத் தொடங்கினார். தமிழ்வாணி டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நடுவில் அருள்பாண்டி வாசலுக்கு வந்தான். எதையோ சொல்ல வாயெடுத்தான். பின்னாலேயே வந்த செல்லத்தாய் அவன் தோளைப் பிடித்து உள்ளே திருப்பினாள்.

"முடிஞ்சிருச்சாடி?" என்றாள் அங்கிருந்தே.

"இந்தா ஆச்சு அத்தை."

"நீயே சாவியப் போடு. அவன் பிள்ளை கையால கேக்கட்டும்."

தமிழ்வாணி அப்பாவின் சீட்டில் உட்கார்ந்தாள். சாவியைப் போட்டாள். திருப்பினாள். ஸ்டார்ட்டர் ஒரு சுற்றுச் சுற்றியது. எஞ்சின் பிடித்துக்கொண்டது. அப்பா எத்தனையோ தடவை வாயாலேயே போட்டுக்காட்டிய அந்த அடங்கிய உறுமல். ஆக்சிலேட்டரை மெல்ல மிதித்தாள். கேளுங்கப்பா, கேளுங்க.

வீட்டுக்குள்ளிருந்து பெண்களின் அழுகை கிளம்பியது.

அவள் இறங்கி ஓடினாள். செல்லத்தாய் வாசற்படியிலேயே அவளைக் கட்டிக்கொண்டாள். "கேட்டுட்டான்டி. சத்தம் காதுல விழுந்ததும் மூஞ்சி மலந்துச்சு பாரு, அப்பிடியே அடங்கிட்டான். கேட்டுட்டுத்தான் போனான் எந்தம்பி."

தமிழ்வாணி கட்டிலருகே வந்தாள். அப்பாவின் கால் பெருவிரல்களை வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். தாடைக்கும் உச்சிக்குமாக நாடிக்கட்டு. நெற்றியில் காசு. தலைமாட்டில் ஏற்றிய விளக்கின் திரி பாதி கருகியிருந்தது. பாதத்தைத் தொட்டாள். அது எப்போதோ ஜில்லிட்டுப் போயிருந்தது.

அருள்பாண்டி சுவரோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செல்லத்தாய் மறுபடியும் கேட்டாள், கெஞ்சுகிற குரலில். "மூஞ்சியப் பாரு, சிரிச்ச மாதிரி இல்ல?"

"ஆமா அத்தை," என்றாள் தமிழ்வாணி.

நேற்று நண்பகலுக்கே இந்த வண்டி கிளம்பியிருக்கும். நேற்று அவருக்குக் காது இருந்தது.

காளை கையைத் துடைத்துக்கொண்டே வாசலில் வந்து நின்றார். "தங்கச்சி, வண்டிய ஆப் பண்ணிரவா?"

"வேணாம்ணே," என்றாள். "ஓடட்டும்."