புகார் இங்கிலீஷ்

பஞ்சாட்சரத்துக்கு இங்கிலீஷில் குற்றம் சொல்ல மட்டும்தான் தெரியும். அதுவும் வெடுக்கென்று சொல்லமாட்டார். தலைப்பில் தேதி போட்டு, நடுவில் குறைகளை அடுக்கி, கீழே 'தங்கள் பணிவுள்ள ஊழியன்' என்று முடித்து, ரொம்ப மரியாதையாகச் சொல்லுவார்.

அவர் மேல் தப்பில்லை. அணைக்கட்டு கிராமத்திலிருந்து வந்து வேலூரில் நாலாவது ஃபாரம் வரை தட்டுத்தடுமாறிவிட்டு, ஆம்பூரில் கலீமுல்லா சாயபுவின் தோல் ஷாப்பில் ரைட்டராக உட்கார்ந்தபோது, படிக்க அவருக்குக் கிடைத்த ஒரே இங்கிலீஷ் புஸ்தகம் சுவரில் தொங்கிய ஒரு கம்பிதான். ஷாப்பில் பதம்செய்த தோலை லண்டனில் ஏலம் போட்டு விற்றுக்கொடுக்கும் தரகுக் கம்பெனியின் கடிதங்கள் அந்தக் கம்பியில் கோத்துக் கிடந்தன. சரக்கு நன்றாக இருந்தால் லண்டன்காரன் விற்றுவிட்டுப் பேசாமல் இருப்பான். கெட்டிருந்தால்தான் மூன்று பக்கம் எழுதுவான். ஆகவே ஒன்பது வருஷமாகப் பஞ்சாட்சரம் எழுத்துக்கூட்டி, பார்த்து எழுதி, மனப்பாடம் செய்த இங்கிலீஷ் முழுக்க முழுக்கப் புகார். கத்திக்கீறல், உப்புக்கறை, உண்ணிப்புள்ளி, போகாத மயிர் எல்லாவற்றுக்கும் அவரிடம் மூன்று மூன்று சொல் இருந்தது. சந்தோஷத்துக்கு ஒன்றுகூட இல்லை.

மகள் பிறந்த அன்று, கோலார் தங்கவயலில் இருந்த மைத்துனருக்குப் பெருமையாக இங்கிலீஷில் ஒரு கார்டு போட்டார். பெண் குழந்தை வந்து சேர்ந்ததை வருத்தத்துடன் தெரிவிப்பதாகவும், எடை எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்றும், மேற்கொண்டு செய்யவேண்டியதைத் தாங்களே சொல்லவேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. மைத்துனர் அடித்துப்பிடித்துக்கொண்டு அடுத்த ரயிலில் வந்து இறங்கினார்.

"இன்னாங்க, என் பொண்ணு இன்னா வெள்ளாட்டுத் தோலா?" என்று கேட்ட சுந்தரி, அதற்கப்புறம் ஒரு வாரம் புருஷனோடு பேசவில்லை.

இதெல்லாம் வீட்டோடு போய்விட்டது. 1926-ஆம் வருஷம் பங்குனி மாதத்தில் வந்த லண்டன் கடிதம் அப்படிப் போகிற மாதிரி இல்லை. போன மூன்று தடவையும் சரக்கு மோசம். இந்தத் தடவை நன்றாக இருக்கிறது என்று நம்புவதற்குக் காரணம் ஏதாவது இருந்தால் எழுதவும். இல்லாவிட்டால் கப்பலில் ஏற்றவேண்டாம்.

பஞ்சாட்சரம் அதைத் தமிழில் சொல்லி முடித்ததும் சாயபு தாடியைப் பிடித்துக்கொண்டார்.

"பஞ்சாட்சரம், இந்தத் தபா சரக்கு தங்கம்டா. உனக்கே தெரியும். அத நல்லாருக்குன்னு எழுதணும், அவ்ளோதான். உன்னால ஆவுமா, ஆவாதா?"

"ஆவும் மொதலாளி."

"வியாழக்கெழம ரெண்டு மணி மெயில்ல கடுதாசி போவணும். இல்லேன்னா வேலூர்ல எங்க அண்ணன் மவன் ஹபீப், பி.ஏ. பாஸ் பண்ணிட்டு சும்மா குந்தியிருக்கான். சனிக்கெழம இந்த நாற்காலில அவன் குந்துவான். பேஜாராவாத, ஆமா."

அந்த நாற்காலிக்கு ஒரு கால் கட்டை. ஆனாலும் ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு லண்டனோடு பேச முடிகிற நாற்காலி அது ஒன்றுதான். ஹபீபை அதில் உட்கார்த்தி வைத்து நினைத்துப் பார்த்த பஞ்சாட்சரம், அன்றைக்கே ஓர் அகராதியை இரவல் வாங்கி வந்தார்.

இரண்டு நாள் அகராதியும் கையுமாக இருந்தார். 'எக்ஸலண்ட்' என்று ஒரு சொல் அகப்பட்டது. 'இந்தத் தோல்கள் எக்ஸலண்ட்' என்று எழுதினார். நிமிர்ந்து பார்த்து ரசித்தார். பேனா அந்த ருசியிலேயே ஓடி, 'என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்' என்று முடித்துவைத்தது. கிழித்துப் போட்டார். இப்படி ஒன்பது காகிதம்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, பத்தாவது காகிதத்தோடு எழுந்து, தோல் தரம் பிரிக்கிற மேஜைக்குப் போனார். அங்கே ஆரோக்கியசாமி ஒவ்வொரு தோலாக ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, தடவி, குற்றத்தை உரக்கச் சொல்லிச் சொல்லிக் குவியல் குவியலாக வீசிக்கொண்டிருந்தார்.

"கீறல்! ... புள்ளி! ... கறை!"

அடுத்த தோலை விரித்தார். ஒன்றும் சொல்லாமல் வலது பக்கம் போட்டார். அதற்கடுத்ததும் அப்படியே.

"அது எப்படிய்யா இருக்கு?" என்றார் பஞ்சாட்சரம்.

"எது?"

"இப்பப் போட்டியே."

"அதுல ஒண்ணும் இல்லியே."

"நல்லாருக்கா?"

ஆரோக்கியசாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா ரைட்டரே, உடம்பு சரியில்லியா? நல்லாருக்குன்னு சொல்ற வழக்கமெல்லாம் இந்த மேஜைல கெடையாது. குத்தம் இருந்தா கத்துவேன். இல்லேன்னா வாய மூடிக்குவேன். நான் வாய மூடிக்கினா அது ஒசந்த சரக்கு."

பஞ்சாட்சரத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆம்பூர் மேஜையும் லண்டன் மேஜையும் ஒரே பாஷை பேசுகின்றன! அந்தப் பாஷையில் இந்த ஜில்லாவிலேயே அவர்தான் புலி. எதற்காக அகராதியைக் கட்டிக்கொண்டு அழுதோம்?

"ஆரோக்கியம், கட்டு கட்டா சொல்லு. எதெது இல்ல, சொல்லிக்கினே வா!"

மேஜையிலேயே காகிதத்தைப் போட்டு எழுதினார். முதல் கட்டில் கத்திக்கீறல் இல்லை. இரண்டாவதில் உப்புக்கறை இல்லை. மூன்றாவதில் மயிர் நிற்கவில்லை, சுருக்கம் இல்லை, பதம்செய்கிற பட்டைச் சாறு ஏறாத இடம் இல்லை. ஒன்பது வருஷமாக மனசில் அடைத்து வைத்திருந்த சொற்கள் திருவிழாக் கூட்டம் மாதிரி முண்டியடித்துக்கொண்டு வந்தன. மை தொட்டுக்கொள்ளக்கூடப் பொறுமையில்லை அவருக்கு.

"ஏழாவது கட்டு?"

ஆரோக்கியசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அதுல பதினோரு தோல்ல உண்ணிப்புள்ளி. அடில வச்சிருக்கேன்."

"ஏன்யா அடியில?"

"மேல வச்சா தெரிஞ்சிடுமே!"

பஞ்சாட்சரம் ஒரு கணம் யோசித்தார். பிறகு அதையும் எழுதினார்: பதினொன்று, அடியில்.

ஒன்றரை மணிக்குச் சாயபு அதைத் தமிழில் கேட்டார். பத்து வரி வரைக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவர், ஏழாவது கட்டு வந்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"யா அல்லா! நம்ம குத்தத்த நாமளே எழுதி அனுப்புறதா? உனுக்குப் பைத்தியமாடா?"

"மொதலாளி, அவன் எப்படியும் பார்த்துடுவான். பார்த்துட்டு மூணு பக்கம் எழுதுவான். நாம முந்திக்கினா அந்த மூணு பக்கம் அவனுக்கு மிச்சம். நம்ம கிட்ட குத்தம் இருந்தா சொல்றாங்கன்னு தெரிஞ்சாதான், இல்லேன்னு சொல்றத நம்புவான்."

"நம்பலேன்னா?"

"நான் அணைக்கட்டுக்குப் போயி வேர்க்கடல பிடுங்குறேன்."

ஸ்டேஷன் பக்கம் மணி அடித்தது. சாயபு ஏதோ முணுமுணுத்துக்கொண்டே உருதுவில் கையெழுத்துப் போட்டார். பஞ்சாட்சரம் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். ஒரு செருப்பு பாதியிலேயே தெருவில் நின்றுவிட்டது. அதைத் திரும்பி எடுக்க நேரமில்லை. தபால் வண்டிப் பெட்டியில் கடிதத்தைப் போட்டு மூச்சு வாங்கியபோது, ஒற்றைக் காலில் செருப்போடு நின்ற தன்னைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்தது.

சனிக்கிழமை நாற்காலியில் ஹபீப் வந்து உட்காரவில்லை. பதில் வரட்டும் என்றார் சாயபு. பெட்டிகளும் ஏற்றப்படாமல் கிடங்கிலேயே காத்திருந்தன. கடிதத்தில் சொன்னதை லண்டன் சோதித்துப் பார்க்கட்டும் என்று, அந்த ஏழாவது கட்டை மட்டும் மாதிரியாக அதே கப்பலில் அனுப்பியிருந்தார்கள்.

எட்டாவது வாரம் பதில் வந்தது. பஞ்சாட்சரம் உறையைத் தடவிப் பார்த்தார். ஒரே தாள்! பிரித்து, வழக்கம்போல் 'வருத்தம்' எங்கே இருக்கிறது என்று முதலில் தேடினார். இல்லை. 'ஆச்சரியம்' என்று திட்ட ஆரம்பிப்பானே, அது? அதுவும் இல்லை. தெரிந்தவர்கள் ஒருவருமில்லாத கல்யாண வீட்டுக்குள் நுழைந்துவிட்டது போலிருந்தது. அகராதியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக விசாரித்தார். 'க்ளாட்' என்றால் சந்தோஷம். படித்து முடித்ததும், கூரைக் காக்கைகள் பறக்கும்படி ஒரு கத்துக் கத்தினார்.

"மொதலாளி! ஏத்தச் சொல்லிட்டான்! எல்லாப் பெட்டியும்! இப்படி யாரும் எழுதினது இல்லியாம்! இனிமே நம்ம கடுதாசி வந்தா பெட்டியப் பிரிக்காமயே ஏலத்துக்கு வெப்பானாம்!"

சாயபு அவரைக் கட்டிக்கொண்டார். தாடி பஞ்சாட்சரத்தின் கன்னத்தில் உரசியது. அது கொஞ்சம் ஈரமாக இருந்தது.

"ஹபீபுக்கு வேற எடம் பாக்குறேன். நீ எங்கியும் போவாத."

ஆரோக்கியசாமியும் ஓடி வந்தார். "நம்ம ஏழாவது கட்டு இன்னா ஆச்சு?"

"பாத்தானாம். பதினொண்ணுன்னு எழுதியிருந்தீங்க, எங்களுக்கு ஒம்பதுதான் அகப்பட்டுதுன்னு எழுதியிருக்கான்."

ஆரோக்கியசாமியின் முகம் சிவந்துவிட்டது. "ஒம்பதா? இன்னாய்யா பேசுறான்? என் கண்ண நம்பமாட்டானா? ஒரு தோல்ல இடது பின்னங்கால் ஓரம், இன்னொண்ணுல கழுத்துக்குக் கீழ. வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்கச் சொல்லு. எழுதுய்யா!"

"மொதல்ல பெட்டிய ஏத்துங்கடா, அப்புறம் சண்ட போடுங்க!" என்று சாயபு கத்தினார்.

யார் காதில் விழுந்தது? ஆரோக்கியசாமி கரித்துண்டால் காகிதத்தில் ஒரு தோல் படம் வரைந்து, புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். பஞ்சாட்சரம் அதற்குள் லண்டனுக்கு எழுதுகிற புகாரில் இரண்டாவது பக்கத்துக்குப் போய்விட்டார்.