கிணற்றடியில் சொன்ன பேர்

ஜெகதளாவுக்கு மேலே, எங்கள் எஸ்டேட் எல்லையில் இருக்கும் அம்மன் கிணற்றுக்குக் கோயமுத்தூரிலிருந்தெல்லாம் வேன் பிடித்து வருகிறார்கள். கைகால் முடக்கம் தீர்க்கும் தண்ணீர். ஆனால் நமக்கு நாமே ஊற்றிக்கொண்டால் பலிக்காது. நோய் உள்ள இரண்டு பேர் ஜோடி சேர்ந்து, ஒருவர் தலையில் மற்றவர் ஊற்ற வேண்டும். ஊற்றும்போது மனசுக்குள் எதிரில் இருப்பவர் பேரைச் சொல்ல வேண்டும். ஏழு வெள்ளிக்கிழமை.

எனக்கு ஜோடி பக்கத்து வீட்டு பாலாமணி. என்னைவிடப் பத்து வயது சின்னவள். தேயிலைக் கொழுந்து வெட்டும் கத்தரி பிடித்துப் பிடித்து இருவருக்குமே வலது தோள் போயிருந்தது. அடுத்த மாதக் கடைசிக்குள் கத்தரி தூக்காவிட்டால் வேலை இல்லை, எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

ஏழாம் வெள்ளி முடிந்த திங்கட்கிழமை பாலாமணி கத்தரியைத் தூக்கினாள். எனக்குச் சீப்பைக்கூடத் தூக்க முடியவில்லை. அவள் மேடேறிப் போகும்போதெல்லாம் அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏழு வாரமும் அவள் தலையில் ஊற்றியபோது நான் சொன்னது என் பேரை. அப்படியிருந்தும் அவளுக்குத்தான் குணமானது.

புதன்கிழமை எனக்குத் தைலம் தேய்க்க வந்த பாலாமணி அழுதாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. உங்க தலைல ஊத்தறப்பெல்லாம் எம்பேரத்தானுங்க சொன்னேன். அதான் உங்களுக்கு கொணமாகல."

பாவி. நான் செய்த அதே திருட்டு. அவளுக்குப் பலித்திருக்கிறது, எனக்குப் பலிக்கவில்லை. நானும் அப்படித்தான் என்று சொல்லியிருக்கலாம்.

"உன்னைக் கூடப் பொறந்தவளாட்ட நெனச்சனே" என்றேன். அவள் இன்னும் அழுதாள். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை லீவு போட்டு என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனாள்.

"அம்மா, எங்க கருப்பம்மாக்காவுக்குக் குடு. எனக்குக் குடுத்ததை வேணும்னாலும் எடுத்துக்க" என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லி ஊற்றினாள். வேனில் வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு எனக்கு முன்னால் தலையைக் குனிந்தாள்.

"நீங்களும் ஊத்துங்கக்கா. ஜோடியா ஊத்துனாத்தானுங்க பலிக்கும்."

இடது கையால் செம்பை எடுத்தேன். பாலாமணி என்றுதான் சொல்ல நினைத்தேன். ஈரச் சேலைக்குள் அவளுடைய வலது தோள் வலியில்லாமல் ஏறி இறங்கியது.

மனசுக்குள் வந்தது என் பேர்தான்.