வலை கடித்த எலி

காசிமேட்டுக் கரையில் லட்சுமணனின் கட்டுமரம் ஒதுங்கியதும், கூடையில் விழும் மீன்களில் நல்ல கொழுத்த ஒன்றை அவன் பெண்டாட்டி கெங்கம்மா தனியே எடுத்து வைப்பாள். "இது டீச்சரம்மாவுக்கு" என்பாள். அதில் வேறு யாரும் கை வைக்க முடியாது; வைத்தால் கை இருக்காது. இவ்வளவு மரியாதை வைத்திருக்கிற இதே மகராசிதான், வெள்ளைக்காரன் கப்பலேறிய நாலாம் வருஷம், அந்த டீச்சரம்மாவின் கொண்டையைப் பிடித்து உலுக்கப் போனவள். அதை ஞாபகப்படுத்தினால் இப்போதும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

சண்டைக்குக் காரணம் ஒரு எலி.

மகள் பச்சையம்மா ராயபுரத்துச் சின்னப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது படித்தாள். அவர்கள் குப்பத்திலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் பெண் அவள்தான். புதிதாக வந்த டீச்சர் தேவப்பிரியம் திருநெல்வேலிப் பக்கம், பனங்காட்டு ஊர். கடலையே பட்டணம் வந்துதான் பார்த்தவள். பாடம் முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்வாள். அன்றைக்கு, வேடன் வலையில் மாட்டிய சிங்கத்தை ஒரு சுண்டெலி வலையைக் கடித்துக் காப்பாற்றிய கதை.

எந்த ஊர்ப் பிள்ளைக்கும் அது நல்ல கதைதான். குப்பத்தில் அப்படியா? அங்கே வலை கடிக்கிற எலியைவிடப் பெரிய எதிரி கிடையாது. பருத்தி நூல் வலை. ஒரு எலி உள்ளே புகுந்தால் ஆறு மாத உழைப்பு போச்சு. அதற்காகவே வீட்டுக்கு வீடு பூனைக்கு மீன் போட்டு வளர்த்தார்கள். வலைமேல் கத்தி படுவதும் ஆகாது. எப்பேர்ப்பட்ட சிக்கலானாலும் விரலால்தான் பிரிக்க வேண்டும். விரல் முடியாவிட்டால் பல். பிறந்ததிலிருந்து பழகிய கை, வலையை அறுக்க எழாது.

மறுநாள் விடிகாலை லட்சுமணன் வலையைத் தோளில் தூக்கும் நேரம் பார்த்து, "நைனா, வலைய கட்ச்சுதே ஒரு எலி, அது ரொம்ப நல்ல எலி நைனா!" என்றாள் பச்சையம்மா. அவ்வளவுதான். அபசகுனம் என்று வலையை இறக்கி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டான். அன்றைக்குப் பார்த்து மற்றவர்களுக்கெல்லாம் நெத்திலி குவியல் குவியலாக விழுந்தது. கெங்கம்மாவுக்குப் பொறுக்குமா? கூடையை இடுப்பில் இடுக்கியபடி பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டாள்.

"இன்னா டீச்சரம்மா, புள்ளைங்களுக்கு இன்னா சொல்லிக் குடுத்துகினு கீற? எலி வலைய கடிச்சா நல்லதா? எங்க வூட்ல அடுப்பு எரியறதே அந்த வலையாலதான்!"

தேவப்பிரியம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "சின்னதுதானேன்னு யாரையும் தள்ளக் கூடாது, அதுதான் அக்கா கதை. வலை அதுல சும்மா வருது."

"சும்மா வருதா? ஒரு முடிச்சு போட்டுப் பாரு, தெரியும். இன்னொரு தபா இந்தக் கதை என் காதுல வுழுந்துது, பச்சையம்மாவ நிறுத்திடுவேன். கருவாடு காய வைக்க எனக்கும் ஆளு வேணும்."

"ஐயோ, பிள்ளைய நிறுத்திராதீங்க. நல்லாப் படிக்கிறா. கதைய வேணும்னா மாத்திக்கிடுதேன்." டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. கெங்கம்மா அதையெல்லாம் பார்க்காமல் திரும்பி நடந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடல் முரண்டு பிடித்தது. கரைக்கு இருபது முழம் இருக்கும்போது ஒரு பெரிய அலை லட்சுமணனின் கட்டுமரத்தைக் குப்புறத் தள்ளியது. உடன் போன கோதண்டம் நீந்தி வந்துவிட்டான். லட்சுமணன் வரவில்லை. வலை மரத்தில் சுற்றி, அவன் காலிலும் சுற்றியிருந்தது. நாலைந்து ஆண்கள் பாய்ந்து போய் அவனைப் பிடித்தார்கள். முடிச்சு முடிச்சாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு அலையும் அவன் தலையை மூடிவிட்டுப் போனது. அவன்மேல் உயிரை வைத்திருந்தவர்கள்தான், ஆனாலும் ஒருவர் கையும் இடுப்புக் கத்திக்குப் போகவில்லை. பழக்கம் அப்படி.

"யம்மா! எலி! எலி மாரி பண்ணும்மா!" என்று கரையிலிருந்து அலறினாள் பச்சையம்மா.

மீன் அறுக்கும் கத்தி கெங்கம்மாவின் கையில்தான் இருந்தது. புடவையோடு தண்ணீரில் இறங்கினாள். அந்த வலை அவள் மாமியார் செத்துப்போகுமுன் கடைசியாகப் பின்னியது. "ஆத்தா, மன்னிச்சுக்கோ" என்று ஒரு வார்த்தை சொன்னாள். அப்புறம் அறுத்தாள், குறுக்கும் நெடுக்குமாக, கால் வெளியே வரும்வரை அறுத்தாள். லட்சுமணன் குடித்த உப்புத் தண்ணீரையெல்லாம் மணலில் கக்கிவிட்டு, கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். கெங்கம்மா அவன் மார்பில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் ஒரு முழு வஞ்சிரத்தோடு பள்ளிக்கூட வாசலில் போய் நின்றாள். தேவப்பிரியத்தின் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது.

"அக்கா, கதைய மாத்திட்டேன்! சிங்கம் இப்ப பள்ளத்துலதான் விழுது!"

"பள்ளத்துல வுழுந்தா எலி எப்டி டீச்சர் தூக்கும்?" என்றது ஒரு வாண்டு. அதைத்தான் காலையிலிருந்து வகுப்பே கேட்டுக்கொண்டிருந்தது.

"பள்ளமும் வாணாம், ஒண்ணும் வாணாம். வலையிலயே வுழட்டும்" என்றாள் கெங்கம்மா. நடந்ததைச் சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது. செதில் ஒட்டிய கையாலேயே டீச்சரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "என் வூட்டுக்காரர் உசுரோட கீறாருன்னா அது உன் எலியாலதாம்மா. நீ நல்லாருக்கணும். உன்ன கண்டபடி பேசிட்டேன், மனசுல வச்சுக்காத."

தேவப்பிரியமும் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு. வலை கிழிஞ்சதோட கதைய வுட்டுடாத. அந்த வேடன் வூட்லயும் அடுப்பு எரியணும் இல்ல? மறுநாளு எலி குந்திகினு வலைய பின்னுச்சுன்னு சொல்லு. எங்க குப்பமே இப்ப அதான் பண்ணிகினு கீது."

"அப்ப சிங்கம்? சும்மா பாத்துகினு இருந்துச்சா?" அதே வாண்டு விடவில்லை.

பச்சையம்மா எழுந்து நின்றாள். "எங்க நைனா மாரி கால நீட்டிப் போட்டுகினு நூல் புடிச்சுது" என்றாள்.

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. தேவப்பிரியம் சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். மீனைக் கொடுத்துவிட்டுப் போக வந்த கெங்கம்மா, மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மணி அடிக்கும்வரை கேட்டாள்.